என்னைப் போக விட்டார்கள்

1

போன வாரத்தோடு அம்மா போய் ஒரு வருஷம் ஆகிறது. இங்கே கனடாவில் இன்னும் பனி கரையவில்லை. அன்று காலையில் என் மனைவி மீனா எழுந்து வடை சுட்டாள். நான் படத்துக்கு மாலை போட்டேன். பிளாஸ்டிக் மாலை. டொராண்டோவுக்குப் போனால் நல்ல பூ கிடைக்கும், வேலை நாளில் யார் போவது. மகள் யாழினி பள்ளிக்கூடம் கிளம்புகிற அவசரத்தில் படத்தின் முன்னால் நின்றாள். கும்பிடுவதா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "பை ஆயா" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

மத்தியானம் சாப்பிடும்போது போனைத் திறந்தால், சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் அம்மாவின் படம். போட்டிருந்தவன் ஞானவேல். என் தங்கை அரசியின் புருஷன். அதற்கும் முன்பிருந்தே என் சினேகிதன். "அத்தை, உங்களைப் பார்த்துக்கொள்ள வெளிநாட்டு வேலையையே விட்டுவிட்டு ஓடி வந்தான் என் மச்சான். அந்தப் பாசத்துக்கு நானே சாட்சி" என்று எழுதியிருந்தான். அதன் கீழே கடலூர், சிதம்பரம், வடலூர், திட்டக்குடி என்று எல்லா ஊர்ச் சொந்தங்களும் கும்பிட்ட கைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள்.

சாட்சி என்ற சொல்லில்தான் சோறு இறங்காமல் நின்றது. அவன் சாட்சிதான், இல்லையென்று சொல்லமாட்டேன். என் வேலை போன அன்று அதே அறையில், என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஆனால் நான் வேலையை விடவில்லை. அம்மா இருந்தவரை இதை வெளியே சொல்லாமல் இருந்தேன். இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

2

எல்லாம் ஒரு சின்ன ஆங்கில வினைச்சொல்லால் வந்தது. லெட். கடலூரில் பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காதவர்களுக்கும் தெரிந்த சொல். மஞ்சக்குப்பத்திலும் புதுப்பாளையத்திலும் வீட்டுக்கு வீடு கேட்டில் டூ லெட் பலகை தொங்கும். வீடு வாடகைக்கு விடப்படும். அவ்வளவுதான் அதற்கு அர்த்தம் என்று நான் கல்லூரிக்குப் போகும்வரை நினைத்திருந்தேன்.

சிதம்பரத்தில் வேதியியல் படிக்கச் சேர்ந்த முதல் வாரம், கணக்கு வகுப்பில் பேராசிரியர் பலகையில் 'லெட் எக்ஸ் பீ' என்று ஆரம்பித்தார். எக்ஸை யாருக்கு வாடகைக்கு விடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என் நோட்டில் எட்டிப் பார்த்துவிட்டுக் காதருகே சொன்னான்: "என்க. எக்ஸ் என்கன்னு படிச்சிருப்பியே, அதாம் மச்சான் இது." அவன்தான் ஞானவேல். சிதம்பரத்துக்காரன், இங்கிலீஷ் மீடியம். அன்றிலிருந்து என் ஆங்கிலத்துக்கு அவன்தான் வாத்தியார். நான் பேசும்போது தப்பு வந்தால் மேசைக்குக் கீழே என் காலை மிதிப்பான். வேலைக்கான நேர்முகத்துக்குப் போகும் முன் ராத்திரியெல்லாம் கேள்வி கேட்டுப் பழக்கியவனும் அவன்தான்.

இங்கே வந்த பிறகு லெட் பெருகிக்கொண்டே போனது. லெட் மீ நோ என்றால் எனக்குச் சொல்லு. லெட் ஆஃப் என்றால் தண்டிக்காமல் விடுவது. லெட் ஆன் என்றால் மனசில் இருப்பதை வெளியே காட்டிவிடுவது. என்னை ரொம்ப நாள் ஏமாற்றியது 'லெட்ஸ்'. எங்கள் மேலாளர் டேவ், "லெட்ஸ் கிளீன் திஸ் அப்" என்பார். அவரும் வருவார், சேர்ந்து துடைப்போம் என்று நான் துணியோடு காத்திருப்பேன். அவர் போய்க் காபி குடித்துக்கொண்டிருப்பார். லெட்ஸ் என்றால் 'நீ செய்' என்பதற்கு மரியாதையான பெயர் என்று புரிய எனக்கு ஒரு குளிர்காலம் ஆனது.

நம் 'விடு'வும் லேசுப்பட்டதல்ல. பட்டம் விடுகிறோம், மூச்சு விடுகிறோம், பள்ளிக்கூடம் லீவு விடுகிறது, சில பேர் கதை விடுகிறார்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்காக யாழினி ஒருமுறை இதையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டு, "அப்பா, எதையுமே பிடிக்க மாட்டீங்களா, எல்லாத்தையும் விட்டுட்டே இருக்கீங்க" என்று சிரித்தாள்.

3

படிப்பு முடிந்து ஞானவேலும் நானும் சிப்காட்டில் ஒரே ரசாயன ஆலையின் ஆய்வகத்தில் சேர்ந்தோம். அங்கேயிருந்து முதலில் கனடா வந்தவன் நான். டொராண்டோவுக்கு வெளியே ஒரு சின்ன ஊர், பெயின்ட் கம்பெனி, அதன் ஆய்வகம். அதற்குள் அரசியை அவனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். தங்கை பக்கத்தில் இருக்கட்டுமே என்று டேவிடம் சொல்லிச் சொல்லி அவனுக்கும் அதே ஆய்வகத்தில் வேலை வாங்கினேன். பேச்சு நன்றாக வரும் என்பதால் நாளடைவில் அவன்தான் எங்கள் குழுவுக்குத் தலைவன் ஆனான். அதில் எனக்கு மனக்குறை இல்லை. நிறங்களோடு பேசுவதற்கு ஆங்கிலம் தேவைப்படாது.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்த செய்தி வந்தபோது, அவனிடம்தான் முதலில் போனேன்.

"ரெண்டு மாசம் லீவு கேட்கலாம்னு இருக்கேன் மச்சான். குடுப்பாங்களா?"

"தாராளமா கேளு. டேவ்கிட்ட நான் பேசுறேன். லெட் மீ ஹேண்டில் இட்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அரசி சாப்பிடக் கூப்பிட்டாள். மீன் குழம்பு. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கண்ணா, இன்னும் கொஞ்சம்" என்று தட்டு நிறைய நிறைய ஊற்றிக்கொண்டே இருந்தாள். அம்மாவை நினைத்துத் தவிக்கிறாள் போல என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை டேவ் என்னைக் கண்ணாடி அறைக்கு அழைத்தார். ஞானவேல் ஏற்கனவே உள்ளே இருந்தான்.

"உன் அம்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தம். இப்படி ஒரு நேரத்தில் இதைப் பேசவேண்டியிருக்கிறது" என்று ஆரம்பித்தார் டேவ். பிறகு சொன்னார்: "வி ஆர் கோயிங் டு ஹாவ் டு லெட் யூ கோ."

நான் கேட்டிருந்தது லீவு. என் காதில் விழுந்தது அதற்கான பதில். போக விடுகிறோம்.

இத்தனை வருஷம் இருந்துவிட்டு இதுகூடவா தெரியாது என்று நீங்கள் கேட்கலாம். வேறொருவனிடம் சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவர் அடுத்தடுத்துச் சொன்னதும் என் லீவுக்கே பொருந்தியது. மாசக் கடைசியிலிருந்து என்றார். உன் வேலைகளை வேல் எடுத்துக்கொள்வார் என்றார், ஞானவேலை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். மற்ற விவரங்களை நிர்வாகத்தில் பேசுவார்கள் என்றார். நான் எழுந்து அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"தேங்க்யூ டேவ். தேங்க்யூ ஸோ மச்."

டேவ் கொஞ்சம் தடுமாறினார். "இதை நீ ரொம்பப் பக்குவமாக எடுத்துக்கொள்கிறாய்" என்றார். அம்மா விழுந்ததைச் சொல்கிறார் என்று நினைத்து, "என்ன செய்வது, வயசு ஆகிறதே" என்றேன். ஞானவேல் மேசைமேல் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு அவன் காரில்தான் போவோம். வழியெல்லாம் நான்தான் பேசினேன்.

"முடியாதுன்னுதான் சொல்லுவாருன்னு பாத்தேன். ஒரே வார்த்தையில விட்டுட்டாரு பாத்தியா? எல்லாம் நீ பேசுனதுதான் மச்சான்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான்."

"சிதம்பரம் போய் மாமாவையும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன். ஏதாவது குடுத்தனுப்புறியா?"

திருப்பத்தில் காரை வளைத்தான். அப்புறம், "அப்பாவுக்கு ஒரு வாக்கிங் ஷூ வாங்கி வச்சிருக்கேன். எடுத்துட்டுப் போறியா?" என்று கேட்டான். இறங்கும்போது பின்சீட்டிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தான்.

4

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மீனாவிடமும் யாழினியிடமும் நடந்ததை அப்படியே சொன்னேன். டேவ் சொன்ன வாக்கியத்தை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். யாழினி சப்பாத்தியைப் பிய்த்த கையோடு நின்றாள்.

"அப்பா, 'லெட் யூ கோ'ன்னா சொன்னாரு? அதே வேர்ட்ஸா?"

"ஆமாம்மா."

அவள் தன் அம்மாவைப் பார்த்தாள். அவளிடம் இருந்த கொஞ்சம் தமிழில் அந்த விஷயத்துக்கான சொல் இல்லை. ஆங்கிலத்தில் சொல்லவும் அவளுக்கு மனசு வரவில்லை என்று நினைக்கிறேன். தேடித் தேடி ஒவ்வொரு சொல்லாக வைத்தாள்.

"அது லீவு இல்லப்பா. உங்களுக்கு இனிமே அந்த வேலை இல்ல. அவுங்க உங்கள அனுப்பிட்டாங்க."

"சும்மா இருடி, லீவு குடுத்துருக்காங்க" என்றாள் மீனா.

"வேல் மாமா அங்க இருந்தாருல்ல? அவருக்குத் தெரியுமே. கார்ல சொல்லலியா?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். உடனே அவனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அரசி எடுத்தாள். "அவரு தூங்குறாருண்ணா" என்றாள். அப்போது பகல்.

5

திங்கட்கிழமை டேவிடம் நேராகப் போய்க் கேட்டேன். பாவம் அவர், என் நன்றியை நினைத்து நினைத்துக் குழம்பியிருக்கிறார். ஆய்வகத்தில் ஒருவரைக் குறைக்கவேண்டிய நிலை. யார் என்று முடிவெடுக்குமுன் குழுத் தலைவனைக் கேட்டிருக்கிறார்கள்.

"நீ ஊரோடு திரும்பிப் போய்விட நினைக்கிறாய் என்று வேல் சொன்னார். அம்மாவோடு இருக்கப் போகிறாய் என்று. உனக்கு இது அவ்வளவு கஷ்டமாக இருக்காது என்று நினைத்தோம்."

ஞானவேலைக் கார் நிறுத்துமிடத்தில் பிடித்தேன்.

"நான் உங்கிட்ட கேட்டது ரெண்டு மாசம்தானடா? ஊரோட போறேன்னு எப்பச் சொன்னேன்?"

"ரெண்டு பேர்ல ஒருத்தர்னுட்டாங்க மச்சான். என்ன என்னா பண்ணச் சொல்ற?"

"சரி. அந்த ரூம்ல நான் தேங்க்யூ சொன்னப்ப? கார்ல அவ்ளோ தூரம் பேசிகிட்டு வந்தப்ப? ஒரு தடவ என் காலை மிதிச்சிருக்கலாம்ல?"

அவன் கையுறையைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீ சந்தோஷமா இருந்த."

வேலை போனதைக் காலப்போக்கில் தாங்கிக்கொள்ளலாம். இந்தப் பதிலைத்தான் இன்றுவரை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒரு நாட்டுப் பாஷை எனக்குப் புரியவில்லை என்பதை, அந்தப் பாஷையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

6

மாசக் கடைசியில் கடலூர் போனேன். லீவு கேட்டு வாங்க வேண்டிய அவசியம்தான் இல்லையே.

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்திருந்தது. நான் வார்டுக்குள் நுழையும்போதே அவள் நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "இவன்தான். வேலையே வேணாம்னு விட்டுட்டு வந்துட்டான் எனக்காக." நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு மரியாதை. நாலு கட்டில் தள்ளி இருந்த ஒரு வயசான அம்மா, "குடுத்து வச்சவ" என்றாள்.

"யாரும்மா சொன்னா இப்படி?"

"மாப்ளதான் போன்ல சொன்னாரு. நீ சொல்லமாட்டன்னு எனக்குத் தெரியும்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். மருந்து வாசனையும் விபூதி வாசனையுமாக இருந்தது அந்தக் கை. "எலும்பு ஒடஞ்சது கூட ஒருவிதத்துல நல்லதுதான் போல."

ஞானவேல் முந்திக்கொண்டான். உண்மை ஊருக்கு வருவதற்கு முன் ஒரு நல்ல கதையை அனுப்பி வைத்துவிட்டான். அதில் எனக்குக் கதாநாயகன் வேஷம். மறுத்தால் அம்மாவின் சந்தோஷம் போகும், தங்கச்சி வீட்டுக்காரன் பெயரும் போகும். வாயை மூடிக்கொண்டு அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டினேன்.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்ததும் கதை தெரு முழுக்கப் போனது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அம்மாவின் இடுப்பை விசாரித்துவிட்டு, என்னைப் பார்த்து நெகிழ்ந்தார்கள். மளிகைக் கடைக்காரர்கூட, "இந்தக் காலத்துல யார் சார் வருவா" என்றார்.

7

அம்மா வாக்கரைப் பிடித்து நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு நாள் ஷூவை எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். கொடுக்காமல் வைத்திருக்கலாம்தான். ஆனால் ஞானவேலின் அப்பா என்மேல் பிரியமானவர். படிக்கிற காலத்தில் பாதி நாள் அவர் வீட்டில்தான் சாப்பாடு. மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ் சிப்காட்டைத் தாண்டும்போது அந்தப் பழைய மருந்து நெடி ஜன்னல் வழியாக வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் பொத்தவில்லை.

மாமா வாசலிலேயே நின்றிருந்தார்.

"வா தம்பி, வா. அம்மாவுக்காக எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு வந்துட்டியாமே. எங்க ஞானவேலு எவ்ளவோ தடுத்துப் பாத்தானாம். நீ கேக்கவே இல்லியாம்."

ஷூவைப் போட்டுக்கொண்டு கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தார். "அளவா இருக்குப்பா" என்று குழந்தை மாதிரி சிரித்தார்.

தடுத்தானாம். அந்த ஒரு சொல்லோடு என் பொறுமை போய்விட்டது. "உக்காருங்க மாமா" என்றேன். உட்கார்ந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கண்ணாடி அறை, கார், கார் நிறுத்துமிடம். குரலை உயர்த்தவில்லை. உள்ளே அத்தை மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கேட்பது தெரிந்தது.

மாமா ரொம்ப நேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்புதான்" என்றார். பிறகு, "யாராவது ஒருத்தர் போய்த்தான ஆவணும் தம்பி? அவனுக்குப் போயிருந்தா யாருக்குக் கஷ்டம்? ஒன் தங்கச்சிக்குத்தான். தங்கச்சிக்காக நீ விட்டுக்குடுத்ததா வச்சுக்கோயேன்."

"விட்டுக்குடுக்கணும்னா என்னக் கேட்டிருக்கணும்ல மாமா? கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

புது ஷூவைக் கழற்ற மறந்தவராய் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தார்.

8

நான் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி கனடா போய்த் திரும்பியிருந்தது. சட்டையைக் கழற்றுமுன் அரசியின் போன்.

"ஏண்ணா என் மாமனார்கிட்ட போய்ச் சொன்ன? அவரு போன்ல அழுவுறாரு. இவரு வேலைக்கே போவாம உக்காந்துகிட்டு இருக்காரு."

"நான் பொய் ஒண்ணும் சொல்லலியே. அவன் சொல்லித்தான என் வேல போச்சு?"

"விட்டுடுண்ணா. ஆனது ஆயிப்போச்சு. உனக்கு வேற வேல கெடைக்காமலா போயிடும்?"

"அரசி, உனக்கு எப்பத் தெரியும்?"

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அதை மூடினாள்.

"மீன் கொழம்பு வச்சேனே, அன்னிக்கி."

"அப்ப, நான் டேவைப் பாக்கறதுக்கு முன்னாடியே."

"சொன்னா என் குடும்பம் என்னா ஆவும்? உனக்கு மீனாண்ணி சம்பாதிக்கிறாங்க. எனக்கு அவரு ஒருத்தருதாண்ணா."

அவள் கணக்கு தப்பில்லை. அவள் இடத்தில் இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். போனை வைத்துவிட்டேன். லெட் டவுன் என்பதற்கு அகராதியில் கைவிடுதல் என்று போட்டிருக்கும். அன்றுவரை அதை ஒரு சொல்லாகத்தான் படித்திருந்தேன்.

திரும்பி வந்து, ரொம்ப நாள் அலைந்து, ஒரு சோப்புக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். முன்பைவிடத் தூரம். இரண்டு குடும்பமும் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறோம். இந்தியக் கடையில் எதிர்ப்பட்டால் அரசி, "நல்லாருக்கியாண்ணா" என்பாள், நானும் "இருக்கேம்மா" என்பேன். ஞானவேல் பருப்பு அடுக்கின் பக்கம் நகர்ந்துவிடுவான். பிள்ளைகள் மட்டும் ஒன்றாக நின்று ஆங்கிலத்தில் சிரித்துப் பேசிக்கொள்வார்கள்.

ஆனால் அன்று கடலூரில் போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது, கூடத்துக் கட்டிலில் அம்மா கண்ணைத் திறந்து படுத்திருந்தாள். நான் பேசியதையெல்லாம் கேட்டிருக்கிறாள்.

"அப்ப, நீ வேலய விட்டுட்டு வரலியா?"

"இல்லம்மா. அவுங்கதான் என்ன அனுப்பிட்டாங்க."

"மாப்ளயும் சேந்தா?"

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அம்மா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"வேல இருந்திருந்தா வந்திருப்பியா?"

"ரெண்டு மாசம் லீவு கேட்டிருந்தேம்மா. உனக்காகத்தான் கேட்டேன்."

"குடுத்திருப்பாங்களா?"

"தெரியலம்மா."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தாள். இடுப்பு விடவில்லை. நான் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பிவிட்டேன். அந்தப் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: "வெளிய யார்கிட்டயும் சொல்லிகிட்டு இருக்காத."

அரசிக்காகச் சொல்கிறாளா, தனக்காகச் சொல்கிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. சரி என்றேன்.

மறுநாள் காலையில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு முதல்முறையாகக் கேட் வரைக்கும் நடந்தாள். நான் ஒரு கை தூரத்தில் பின்னால் நின்றேன். எதிர்வீட்டு அம்மா கோலமாவுக் கிண்ணத்தோடு நிமிர்ந்து, "புள்ள எப்பத் திரும்பிப் போறாரு?" என்று கேட்டாள்.

"அவன் எங்க போறான்?" என்றாள் அம்மா. "வேலயே வேணாம், எங்கம்மாதான் வேணும்னு எல்லாத்தையும் விட்டுட்டுல்ல வந்துருக்கான்."

ஆஸ்பத்திரியில் சொன்னதைவிடச் சத்தமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு வாக்கரோடு மெல்லத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். எதிர்வீட்டு அம்மாவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.